தேய்க்கத் தேயும் திருமுகம்

யாழ்ப்பாண நகரின் பண்ணைக் கரையில் தொடங்கிப் பரவைக்கடலை ஊடறுத்துத் தீவகம் நோக்கிப் போகும் தெருவில் முதலில் எதிர்ப்படும் தீவு மண்டைதீவு. சோளகம் வீசும் மாதங்களில் அங்கே கதவுப் பிணைச்சலும் சைக்கிள் சங்கிலியும் துருவேற அதிக நாள் எடுப்பதில்லை. அதே காற்றுத்தான் திருவெண்காடு சித்தி விநாயகர் கோயிலுக்குள்ளும் கண்ணகை அம்மன் கோயிலுக்குள்ளும், வீடுகளின் சாமி அறைகளுக்குள்ளும் நுழைகிறது. கருவறையில் கல்லாக இருக்கும் மூலவரை அது அதிகம் பாதிப்பதில்லை. வீதியுலா வருவதற்கென்று வார்த்த எழுந்தருளி விக்கிரகங்களும், தூண்டாமணி, குத்துவிளக்கு, சேமக்கலம் முதலிய பித்தளை, வெண்கலப் பொருட்களும்தான் அந்தக் காற்றுக்கு விலை கொடுக்கின்றன. கறுத்தால் தேய்ப்பது, பச்சை பிடித்தால் இன்னும் அழுத்தித் தேய்ப்பது என்பதே இதற்கு நாம் கண்ட மருந்து. இந்த மருந்து நோயைவிட மோசமானது என்பது இக்கட்டுரையின் வாதம். உலோகத் திருமேனியின் பொருள் அதன் பளபளப்பில் தங்கியிருக்கவில்லை, முகத்தில் தங்கியிருக்கிறது. உப்பு சூழ்ந்த ஒரு தீவில் அந்த முகத்தைக் காப்பது கையின் உழைப்பைவிட, அபிஷேகத்தில் கடைசியாக ஊற்றப்படும் தண்ணீரின் தரமே.

முதலில், கடவுளை உலோகத்தில் வார்க்க வேண்டிய தேவை எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். மூலவர் அட்டபந்தன மருந்தால் பீடத்தோடு பிணைக்கப்பட்டவர், இடம்பெயரக் கூடாதவர். திருவிழா வளர்ந்து, கருவறைக்குள் வர முடியாதவர்களும் காணும்படி கடவுள் வெளியே வரவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றபோது, தோளில் தூக்கக்கூடிய, குலுக்கத்தைத் தாங்கக்கூடிய, தினமும் நீராட்டக்கூடிய ஒரு வடிவம் தேவைப்பட்டது. மரம் நீரில் உளுக்கும். சுதை கரையும். உலோகம் நீரையும் குலுக்கத்தையும் தாங்கும். சோழர் காலத்தில் இந்தக் கலை உச்சம் தொட்டதற்குத் திருவிழாவே பெரிய காரணம். பீடத்தின் பக்கங்களில் தடி செருகும் வளையங்களும், திருவாசி பொருத்தும் துளைகளும் இருப்பதைப் பார்த்தாலே, இது நகர்வதற்காகப் பிறந்த பொருள் என்பது விளங்கும்.

நகரக்கூடியது என்பதால் தப்பிக்கவும் கூடியதாயிற்று. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்து, 1621இல் நல்லூர்க் கோயில் இடிக்கப்பட்ட காலத்தில் கல்லைக் காப்பாற்ற வழி இருக்கவில்லை. உலோகத்தை மண்ணிலும் கிணற்றிலும் மறைக்க முடிந்தது. இதற்குத் தெளிவான சான்று திருகோணமலையில் இருக்கிறது. 1620களில் கோணேசர் கோயில் தகர்க்கப்பட்டபின் மறைந்துபோன திருமேனிகளுள் சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலியவை 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. மீண்டும் வழிபாட்டுக்குச் சென்றன. தமிழகத்தில் படையெடுப்பு அச்சத்தால் 1648இல் சிதம்பரத்தை விட்டு வெளியேறிய நடராசர் 1686இல்தான் திரும்பி வந்தார். 1990 ஓகஸ்டில் இலங்கைப் படையினர் தீவகத்தில் இறங்கியபோது மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணை, ஊர்காவற்றுறை மக்கள் பெருமளவில் குடாநாட்டுக்குப் பெயர்ந்தனர். அவ்வளவு அவசரத்தில் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய கடவுள் என்றால் அது உலோகக் கடவுள்தான். அகதியாகப் போகக்கூடிய தெய்வ வடிவம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

எந்த உலோகம் என்பதும் முக்கியம். ஐம்பொன் என்று பொதுவாகச் சொல்கிறோம்; பொன், வெள்ளி, செம்பு முதலிய ஐந்தும் சேர்ந்தது என்று நம்புகிறோம். ஆய்வுக்கூடம் காட்டுவது சற்று வேறு. தென்னிந்தியத் திருமேனிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை உலோகவியலாளர் சாரதா சீனிவாசன் பகுப்பாய்வு செய்தபோது, பெரும்பாலானவை செம்போடு வெள்ளீயமும் ஈயமும் கலந்த வெண்கலம் என்றும், ஒரு சிறு பங்கு நாகம் (துத்தநாகம்) கலந்த பித்தளை என்றும் தெரியவந்தது. பொன்னும் வெள்ளியும் பெயருக்குச் சேர்வதே வழக்கம். உபயகாரர் மோதிரத்தைக் கழற்றி உலையில் இடும் சடங்கு அதற்குப் போதும். இன்று சுவாமிமலையில் வார்க்கப்படுவனவும் பெரும்பகுதி செம்பு, அதனோடு பித்தளை, கொஞ்சம் ஈயம் என்ற கணக்கில்தான் அமைகின்றன. கடையில் வாங்கும் வீட்டுச் சாமி முழுப் பித்தளை. இடையில் ஒரு செய்தி: சோழர் சிலைகளுக்கான செம்பு எங்கிருந்து வந்திருக்கும் என்ற கேள்விக்கு, திருகோணமலைக்குத் தெற்கே சேருவில பகுதியின் செம்புத் தாதிலிருந்து வந்திருக்கலாம் என்று கலை வரலாற்றாளர் வித்யா தெஹேஜியா கருதுகிறார். அது நிறுவப்பட்டால், தஞ்சைச் சிலைகளின் உடலில் ஈழத்து மண் இருக்கிறது என்றாகும். அது கருதுகோள்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

இனிக் குறியீடு. நடராசரின் உடுக்கை படைப்பு, அமைந்த கை காப்பு, தீ அழிப்பு, ஊன்றிய தாள் மறைப்பு, தூக்கிய தாள் அருள் என்று இன்று பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லும். இந்த விளக்கத்தின் வேர் மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கம் போன்ற சித்தாந்த நூல்களில் இருக்கிறது. ஆனால் அதை உலகத்துக்கும், உலகத்தின் வழியாக நமக்கும் கொண்டுவந்து சேர்த்தது ஈழத்தில் நடந்த ஓர் அகழ்வு என்பதைப் பலரும் நினைப்பதில்லை. 1907-08இல் பொலனறுவைச் சிவ தேவாலயத்தில், தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் காலத்து அகழ்வில் கிடைத்த திருமேனிகள் கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன. அவற்றைப் பற்றிப் பொன்னம்பலம் அருணாசலம் 1909இல் எழுதினார். ஆனந்த குமாரசுவாமி 1914இல் கொழும்பு வெண்கலங்களை நூலாக்கினார். 1918இல் சிவநடனம் பற்றிய அவரது கட்டுரைத் தொகுப்பு நியூயோர்க்கில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியகத்துத் திருவாலங்காட்டு நடராசரைப் புகைப்படங்களில் கண்டு 1913இல் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். இவர்கள் எல்லோரும் பார்த்தது ஆடையற்ற, மாலையற்ற, நாற்புறமும் வெளிச்சம் பட்ட உலோகத்தை. கை எத்தனை, முத்திரை என்ன, கணுக்காலில் என்ன என்று படிக்கும் வழக்கம் அந்த வெறும் மேனியைப் பார்த்த கண்ணிலிருந்து வந்தது.

கோயிலில் நிற்பவர் பார்ப்பது வேறு. வசந்த மண்டபத்திலிருந்து எழுந்தருளும் முருகனின் உடல் முழுவதும் பட்டும் சாத்துப்படியும் பூவும்தான். முத்திரைகள் மாலைக்குள் மறைந்துவிடும். சில வேளை கையிலுள்ள வேலே வெள்ளியாலான தனிக் கவசமாக இருக்கும். திறந்திருப்பது முகம் மட்டும். தேர்முட்டியில் ஆயிரம் பேர் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பது அந்த விரற்கடையளவு முகத்தை. ஆகவே குறியீட்டு நூல்களை வைத்துக்கொண்டு நாம் விளக்கும் உடலும், பக்தர் உண்மையில் சந்திக்கும் உடலும் ஒன்றல்ல. குமாரசுவாமியின் வாசிப்பு தவறென்று இதற்குப் பொருளில்லை. அது நூதனசாலையின் வாசிப்பு. கோயிலின் வாசிப்பு கண்ணில் தொடங்கி மூக்கின் நுனியிலும் உதட்டின் ஓரத்திலும் முடிகிறது. ஆகமப்படி பிரதிட்டைக்கு முன் செய்யப்படும் சடங்குகளுள் கண் திறத்தல் மிக முக்கியமானது. பொன்னூசி கொண்டு கருமணியின் கோட்டைத் தொட்டு, அதன்பின்தான் அந்த உலோகம் பார்க்கிறது என்று கொள்கிறோம். வார்ப்பில் வந்த உருவத்தைச் சிற்பி நாட்கணக்கில் உளியால் தீட்டுவதும் பெரும்பாலும் முகத்தில்தான்.

தேய்ப்பது அழிப்பது இந்தக் கோட்டைத்தான். பழைய எழுந்தருளி ஒன்றை அருகில் வைத்துப் பார்த்தால் தேய்மானம் ஒழுங்கற்று இருப்பது தெரியும். முதுகும் பீடத்தின் உட்பக்கமும், கை எட்டாத அக்குளும், வார்த்த நாளில் இருந்ததுபோலக் கூர்மையாக இருக்கும். சடைப் பின்னலின் ஒவ்வொரு இழையும் எண்ணலாம். முன்பக்கம் வந்தால் நெற்றி வழவழத்து, புருவம் மேடு குறைந்து, மூக்கு மொட்டையாகி, உதடுகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கண் இருந்த இடத்தில் ஒரு குழிவு மட்டும். சில தமிழகக் கோயில்களில் இப்படிப்பட்ட திருமேனிகளுக்குப் பிற்காலச் சிற்பிகள் கண்ணை மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் கண் முதல் முகத்தோடு பொருந்துவது அரிது. அபிஷேகத்தின்போது கை படுவதாலும் தேய்மானம் வரும். ஆனால் உள்ளங்கையும் பருத்தித் துணியும் செய்யும் தேய்வு வேறு. தும்பும் செங்கல் தூளும் பழப்புளியும் சேர்ந்து செய்யும் தேய்வு வேறு. முன்னது நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும். பின்னது ஒரே தலைமுறையில் கண்ணைக் கரைத்துவிடும்.

தேய்ப்பவர்களின் மனத்தில் இருப்பது அழுக்கு நீக்கும் ஆசை மட்டுமன்று. ஒரு சமயப் படிமமும் இருக்கிறது. ஆணவ மலம் உயிரைப் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமைகளுள் தலையாயது செம்பும் களிம்பும். யாழ்ப்பாணத்தில் சைவ வினாவிடை படித்து வளர்ந்தவர் எவருக்கும் இது தெரியும். ஆகவே விக்கிரகத்தின் களிம்பைத் தேய்த்து அகற்றுவதை மலம் நீக்கும் செயலின் சிறு நிழலாக நினைப்பது இயல்பு. ஆனால் உவமையைச் சரியாகப் படித்தால் அது இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசு அல்ல. செம்பு என்று ஒன்று உள்ளபோதே அதனோடு உடனாக இருப்பது. புளியிட்டுத் துலக்கினால் போனதுபோலத் தோன்றி மீண்டும் வரும். இரசகுளிகை பட்டாலன்றி அது முற்றாக நீங்காது என்பதுதான் சித்தாந்தி சொல்வது. அருளில்லாமல் முயற்சி மட்டும் போதாது என்பதற்கே அந்த உவமை. வேதியியலும் இந்த இடத்தில் அவருக்கு ஒத்துப் போகிறது. காற்றுப் பட்ட செம்பின் மேல் உருவாகும் மெல்லிய கபில நிறத் தோல், அடியிலுள்ள உலோகத்துக்கு ஓரளவு காவல். அதை உரித்தால் புதிய செம்பு வெளிப்படும். அது மறுநாளே கறுக்கத் தொடங்கும். ஒவ்வொரு தேய்ப்பும் அடுத்த தேய்ப்பை விரைவாக்குகிறது.

தீவகத்தில் இதோடு இன்னொன்று சேர்கிறது. செம்புக் கலப்பு உலோகங்களுக்குக் குளோரைட்டு, அதாவது உப்பின் ஒரு பாதி, தனி எதிரி. அது உலோகத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து குப்பிரசுக் குளோரைட்டாகத் தங்கும். ஈரமும் ஒட்சிசனும் கிடைத்ததும் அது வெளிர்பச்சைத் தூளாக மாறும்; மாறும்போது ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடும்; அந்த அமிலம் புதிய செம்பைத் தின்று மறுபடியும் குளோரைட்டைத் தரும். இந்தச் சுழற்சியை நூதனசாலைக்காரர் வெண்கல நோய் என்பர். காற்றின் ஈரப்பதன் 42 வீதத்தைத் தாண்டினாலே இது உயிர்பெறத் தொடங்கலாம் என்பது பாதுகாப்பு அறிவியலின் கணக்கு. யாழ்ப்பாணக் கடற்கரையில் அந்த அளவுக்கு உலர்ந்த காற்று கிடைப்பதேயில்லை. பித்தளைக்கு வேறொரு கேடும் உண்டு. உப்பும் அமிலமும் சேரும் இடத்தில் நாகம் மட்டும் கரைந்து வெளியேற, மஞ்சள் உலோகம் பஞ்சுபோன்ற இளஞ்சிவப்புச் செம்பாக மாறிவிடும். பித்தளைச் சாமியின் மேல் சிவப்புத் திட்டுத் தெரிந்தால் அது குங்குமக் கறை என்று எண்ணித் தேய்ப்பவர் இருக்கிறார். உண்மையில் அங்கே உலோகத்தின் ஒரு கூறு காணாமற்போயிருக்கிறது. பழப்புளியோடு ஒரு பிடி உப்புச் சேர்த்துத் துலக்கினால் விரைவில் மின்னும் என்ற சமையலறை அறிவு இந்த இடத்தில்தான் ஆபத்தாகிறது. புளியின் தாத்தாரிக் அமிலம் கறையைக் கரைக்கிறது. உப்பு அந்த வேலையை முடுக்கிவிட்டு, தன்னை உள்ளே விட்டுச் செல்கிறது.

நம் முன்னோர் அபிஷேக முறையையே உலோகப் பாதுகாப்புக்காக வகுத்தார்கள் என்று இப்போது அடிக்கடி எழுதப்படுகிறது. இது இனிமையான கூற்று, சான்றுக்கு நிற்காது. அபிஷேக வரிசையைப் பாருங்கள். முதலில் எண்ணெய்க் காப்பு வருகிறது. அது உலோகத்தை மூடும். அடுத்து மாப்பொடி வந்து அந்த எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. காப்பு நீங்கிய மேனியில்தான் பஞ்சாமிர்தமும் தயிரும் தேசிக்காய்ச் சாறும் இளநீரும் விழுகின்றன. இவற்றுள் பலவும் அமிலம். இளநீரில் குளோரைட்டும் உண்டு. தயிரைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்தால் பச்சை பாரிக்கும் என்பதால்தான் சமையல் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசினார்கள். அதே தயிரை ஊற்றுவதற்கென்று வகுத்த சடங்கைப் பாதுகாப்பு முறை என்று எப்படிச் சொல்வது? அபிஷேகம் விருந்தோம்பல், வந்தவரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி உபசரிக்கும் செயல். அதன் நோக்கம் உலோகமன்று. ஆனாலும் அந்த வரிசையின் முடிவில் உலோகத்தைக் காக்கும் இரண்டு செயல்கள் இருக்கின்றன: மந்திரித்த கும்பநீரையும் சுத்த நீரையும் தாராளமாக ஊற்றுவது, அதன்பின் ஒற்றாடையால் ஒற்றி ஈரம் எடுப்பது. முன்னே சேர்ந்த அமிலமும் சர்க்கரையும் உப்பும் வெளியேறுவது இங்கேதான். சடங்கின் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் திருமேனிக்குப் பெரிய தீங்கு வராது. காவிரிக் கரையில் ஆயிரம் ஆண்டு அபிஷேகம் கண்ட சிலைகள் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே கடைசிக் குடம் ஆற்று நீர்.

மண்டைதீவில் கடைசிக் குடம் கிணற்று நீர். தீவகத்தின் நிலம் சுண்ணாம்புக் கல். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழைதான் நிலத்தடியில் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக, உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். அள்ள அள்ள அது ஒடுங்கும். பங்குனி, சித்திரைக்குப் பின் பல கிணறுகளில் உவர் ஏறும். வேலணையின் சாட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பேர் பெற்றதே மற்ற இடங்களில் அது அரிது என்பதால்தான். கோடையில் பௌசர் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கும் ஊரில், அபிஷேகத்துக்குக் கிணற்று நீரே போகும்; அது நியாயமும்கூட. ஆனால் விளைவு என்ன? அலம்புவதற்காக ஊற்றும் நீரே குளோரைட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அது உலரும்போது உப்பு, பீடத்துக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள இடுக்கிலும், திருவாசி செருகும் துளையிலும், ஒட்டியிருக்கும் சந்தனத்தின் அடியிலும் தங்கிவிடும். மேலே ஈரப் பட்டு. ஒரு நாள் முழுவதும் காற்றுப் புகாத ஈரத்தில் உப்பும் செம்பும் தனித்து விடப்படுகின்றன. தீவகத்து விக்கிரகங்களில் வெளிர்பச்சைத் தூள் முதலில் தென்படக்கூடிய இடங்களும் இவைதான். முகத்தில் அது வருவது கடைசியில். தேய்ப்போ முகத்திலிருந்து தொடங்குகிறது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம்.

ஆகவே தீவகத்துக்கான முதல் பராமரிப்பு மழைநீர். கோயில் மண்டபக் கூரையில் விழும் மாரி மழையை ஒரு மூடிய தொட்டியில் சேர்த்து, அதை வேறெதற்கும் எடுக்காமல், கடைசி அலம்பலுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் போதும். ஒரு திருமேனிக்கு இரண்டு குடம் தாராளம். பின் மெல்லிய பருத்தித் துணியால் இடுக்குகள் உட்பட ஒற்றி, சிறிது நேரம் காற்றாட விட்டு, அதன்பின் ஆடை சாத்தலாம். இரவில் சந்தனக் காப்பை அப்படியே விடாமல் களைவது நல்லது. எண்ணெய் பூச விரும்பினால் துளியளவு தொட்டுப் பூசி உடனே துடைத்துவிட வேண்டும். தேங்கிய எண்ணெய் காலப்போக்கில் காடியேறிச் செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாகப் படியும். குத்துவிளக்கின் தகழியடியில் எல்லோரும் கண்டிருக்கிற பிசுக்கு அதுதான். கெட்டியாக, கருமையாக, நகத்தால் சுரண்டினாலும் வராத பச்சையை அப்படியே விடலாம். அது ஆறிய தழும்பு. துடைத்த ஒரு கிழமைக்குள் அதே இடத்தில் மறுபடியும் தூளாகப் பூக்கும் வெளிர்பச்சைதான் உயிருள்ள நோய். அதற்குக் கைவைத்தியம் பார்க்காமல் அறிந்தவரைக் கூப்பிட வேண்டும்.

இதற்கு எழும் முதல் மறுப்பு வலுவானது. மங்கிய கடவுளை யார் பார்க்க விரும்புவார்? ஒளி என்பது தெய்வத்தின் இயல்பு. கறுத்த விக்கிரகம் கவனிப்பாரற்ற கோயிலின் அடையாளம். இதில் உண்மை இருக்கிறது. போரின்பின் ஊர் திரும்பியவர்களுக்கு இடிந்த மண்டபத்தை மறுபடி எழுப்புவதும் விக்கிரகத்தை மின்னச் செய்வதும் ஒரே உணர்வின் இரு பக்கங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் மண்டைதீவாருக்கும் அப்படித்தான். ஆனால் கோயிலின் ஒளி உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து வருவது அல்ல. தீபாராதனையில் அடுக்குத் தீபம் உயரும்போது, எண்ணெய் தொட்ட கபில நிறக் கன்னத்தில் படும் மெல்லிய மினுக்கத்துக்கு ஆழம் இருக்கிறது; கண்ணாடிபோலத் தேய்த்த பித்தளை அந்த வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூச வைக்கிறது, முக அமைப்பை மறைக்கிறது. வேண்டுமானால் திருவாசியையும் குத்துவிளக்கையும் தூண்டாமணியையும் மினுக்கலாம். அவற்றுக்கு முகம் இல்லை. தேய்ந்தால் இன்னொன்று வாங்கலாம். அங்கேயும் ஒரு எச்சரிக்கை. மினுக்கும் திரவங்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. இந்தியாவில் பிரித்தானியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை லாயங்களிலிருந்து எழுந்த அமோனியாவே காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. வார்த்த கனமான திருமேனிக்கு இந்தப் பிளவு எளிதில் வராது. தகட்டை அடித்து உருவாக்கிய பித்தளைக் கவசத்துக்கும் திருவாசிக்கும் வரும்.

இரண்டாவது மறுப்பு சைவத்தின் உள்ளிருந்தே வருகிறது. உலோகம் வெறும் இருக்கை. கும்பத்துக்கு இறக்கி, பாலாலயத்தில் வைத்து, புதிய விக்கிரகத்துக்கு ஏற்றக்கூடியது தெய்வ சாந்நித்தியம். அப்படியானால் தேய்ந்ததை நீக்கிவிட்டுச் சுவாமிமலையிலிருந்து புதிதாக வரவழைத்தால் போயிற்று, பழைய உலோகத்துக்காக இவ்வளவு வருத்தம் ஏன்? ஆகம மரபு இதற்குத் தரும் விடை அலட்சியமானது அல்ல. பழுதுற்ற திருமேனியைப் பற்றிப் பேசும் சீர்ணோத்தாரண விதிகள் விரல், ஆபரணம் போன்ற சிற்றுறுப்புச் சிதைவையும் தலை, கை போன்ற பேருறுப்புச் சிதைவையும் வேறு பிரிக்கின்றன. முன்னதைத் திருத்தி வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. கைவிடவேண்டி வந்தால் சில நூல்கள் உருக்கி மறுபடி வார்க்கவும், சில ஆழ்நீரில் விடவும் சொல்கின்றன. விற்கவோ மூலையில் போடவோ எதுவும் சொல்லவில்லை. உலோகம் பொருட்டில்லை என்றால் இந்த நுணுக்கம் தேவைப்பட்டிராது. இன்னொரு பக்கமும் உண்டு. போர்த்துக்கேயர் காலத்தில் கட்டடங்களையும், 1990இன் பின் ஏடுகளையும் கணக்குப் புத்தகங்களையும் இழந்த ஒரு நிலப்பரப்பில், பழைய எழுந்தருளியின் வார்ப்புப் பாணியும் உலோகக் கலவையும் உபயகாரர் பெயர் பொறித்த பீடமும், எஞ்சியிருக்கக்கூடிய சில ஆவணங்களுள் அடங்கும். உருக்கினால் அந்த ஆவணம் போய்விடும்.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது: அப்படி மதிப்புள்ளதென்றால் நூதனசாலையில் வையுங்கள், ஈரப்பதனைக் கட்டுப்படுத்துங்கள், கையுறை போடுங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் பரமசிவன் 1930இல் தொடங்கிய வேதியியல் கூடம் நோயுற்ற வெண்கலங்களை மின்பகுப்பால் மீட்டெடுத்தது. அந்த அறிவு இல்லாமல் நானும் இதை எழுத முடியாது. ஆனால் நூதனசாலை முறையை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவர முடியாது. அங்கே அரிப்பைத் தடுக்கப் பூசும் பென்சோதிரையசோல் நஞ்சு; இங்கே அபிஷேகப் பாலையும் நீரையும் கையேந்திக் குடிக்கிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே மினுக்கும் திரவம் எதுவும் மூர்த்தியின் மேல் படக்கூடாது. அமிலப் பொருட்கள் கலவையிலுள்ள ஈயத்தையும் சிறிதளவு கரைக்கும் என்பதால், பஞ்சாமிர்தத்தை நெடுநேரம் மேனியில் நிற்க விடாமல் அலம்பிவிடுவதும் பக்தருக்கு நல்லது. திருகோணமலையில் 1950இல் திருமேனிகளை மண்ணிலிருந்து எடுத்தவர்கள் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்கு அனுப்பாமல் பூசைக்கு அனுப்பினார்கள்; அந்தத் தெரிவு சரியானது என்றே கருதுகிறேன். நூதனசாலையிடம் கற்கவேண்டியது அதன் பூச்சை அல்ல, மேற்பரப்பு பேசும் என்ற அதன் நம்பிக்கையை. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து எடுத்துக் கடத்தப்பட்ட நடராசருக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, உலோகம், ஒட்டிய மண், கறையான் தடம் என்பவை பற்றி நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். கோயிலுக்கே வழக்காடும் உரிமை உண்டென்று மேன்முறையீட்டிலும் உறுதியாகி, 1991இல் சிலை திரும்பியது. இடையில் யாராவது அதைப் புளியிட்டுத் துலக்கியிருந்தால் அந்தச் சாட்சிகளுள் பாதி கழுவுண்டு போயிருக்கும்.

வீட்டுச் சாமி அறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய பித்தளைச் சிலைகள் பலவற்றின் மேல் விற்பனைக்கூடத்திலேயே மெல்லிய அரக்குப் பூச்சு இடப்பட்டிருக்கும். அது இருக்கும்வரை ஈரத்துணி போதும். உரிந்தபின் இளஞ்சூட்டு நீரும் சவுக்காரமும் பழைய மென்தூரிகையும் போதும். வெள்ளிக்கிழமை தோறும் தேசிக்காய்த் தோலால் தேய்த்தே ஆகவேண்டும் என்று எந்த நூலிலும் இல்லை.

இந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஓர் எளிய கருவி நம்மிடம் இருந்தும் நாம் அதைப் பயன்படுத்துவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இராசராசன் காலத்தில் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளின் உயரத்தை முழத்திலும் விரலிலும் குறித்து, கை எத்தனை, பீடம் எப்படி என்று எழுதிவைத்தன. அப்படிப் பட்டியலிடப்பட்டவற்றுள் மிகச் சிலவே இன்று அங்கே எஞ்சியுள்ளன. பட்டியல் இருப்பதால்தான் இழப்பின் அளவே தெரிகிறது. தீவகத்தில் குடமுழுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பாலாலயம் செய்து, ஆடை களைந்து, விக்கிரகம் வெறும் மேனியாக ஸ்தபதியின் முன் இருக்கும் அந்த ஒரு நாளில், பரிபாலன சபையார் அதன் எடையைக் கிராம் கணக்கில் நிறுத்து, உயரத்தையும் மூக்கு நுனியின் அளவையும் எடுத்து, நான்கு பக்கமும் முகத்தை அருகிலிருந்தும் படம் பிடித்துக் கோயில் பதிவேட்டில் ஒட்டிவைக்க அதிக நேரம் ஆகாது. அடுத்த குடமுழுக்கில் அதே தராசில் அதே திருமேனியை நிறுத்தால், இடையிலுள்ள பன்னிரண்டு ஆண்டுத் துலக்கலில் எத்தனை கிராம் சாமி தும்போடு போனது என்பது தெரிந்துவிடும்.